கூடவே வந்த லென்ஸ்

மத்தான்சாஸ் என்ற கடற்கரை நகரத்தில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைகிறது என்றால் அது அந்த வீட்டுச் சமாசாரம் மட்டுமல்ல, தெருவுக்கே தலைவலி. விருந்து இல்லாமல் போனாலும் போகும், ஆல்பம் இல்லாமல் போகாது. வளையம் வைத்த வெள்ளைக் கவுன் ஒரு வீட்டிலிருந்து வரும், குடை இன்னொரு வீட்டிலிருந்து வரும், தலைக்கிரீடம் எங்கிருந்தோ வரும். ஆற்றுப் பாலத்தில் ஒரு படம், கோட்டைச் சுவரில் ஒரு படம், ஓடாத பழைய காரின் மீது சாய்ந்து ஒரு படம். கேக்கு ஒரே நாளில் காலியாகிவிடும். ஆல்பத்தைப் பேரப்பிள்ளைகள் கிழிக்கிற வரை வைத்திருப்பார்கள்.

ஊரில் பாதி ஆல்பங்கள் யூதெல்கிஸ் எடுத்தவை. குண்டான பெண்ணைக் குண்டென்று சொல்லாத படம், நாணமுள்ள பெண்ணை நாணத்தோடேயே அழகாக்குகிற படம் என்று அவளுக்குப் பெயர். தன் மகள் நய்லீன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே அவள் ஒரு சபதம் செய்துவைத்திருந்தாள். "ஊர்ப் பிள்ளைங்களை எடுத்த கைதானேன்னு நினைக்காதீங்க. என் பிள்ளையோட பதினஞ்சை எடுக்கும்போது பாருங்க." அண்டை வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள். இப்போது அந்தப் பதினைந்து வரப்போகிற மார்ச்சில் வந்து நிற்கிறது.

ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எடுத்த படங்கள் ஒன்றும் திருத்தமாக விழவில்லை. இமைமுடி தனித்தனியாகத் தெரிய வேண்டிய இடத்தில் மையைத் தேய்த்துவிட்டது போல இருந்தது. கம்ப்யூட்டரில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பால் ஊற்றிக் கலக்கிய மாதிரிதான். அவளுக்குச் சந்தேகம் வந்தது லென்ஸ் மேல். காமிரா வாங்கும்போது டப்பாவிலேயே கூட வரும் கிட் லென்ஸ் அது. கிட்டேயும் இழுக்கலாம், தூரத்துக்கும் தள்ளலாம், எல்லா வேலைக்கும் வரும், எதிலும் முதல் பரிசு வாங்காது. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்த இந்த ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை பூப்பது புதிதில்லை. எல்லாப் படக்காரர்களையும் போல அவளும் லென்ஸை ஒரு டின்னில் உலர்ந்த அரிசிக்குள் புதைத்துவைத்தாள். வயிற்றுக்குப் போக வேண்டிய அரிசி கண்ணாடிக்குக் காவல் இருந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உண்மையாகவே உள்ளே மங்கல். அரிசியை மாற்றினாள். அப்போதும் மங்கல்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவளே கூடம் கோணல் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ஒருவரும் படவில்லை. அவளும் படவில்லை.

கம்ப்யூட்டரில் படத்தைக் கூர்மையாக்க ஒரு பட்டை உண்டு. வலது பக்கம் தள்ளத் தள்ள விளிம்புகள் எடுப்பாகும். முன்பெல்லாம் ஒரு சிட்டிகை உப்பு போடுவது போலத் தொடுவாள். இப்போது கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டாள். கார்த்தேனாஸ் சாலையில் இருக்கிற ஒரு தாய் ஆல்பத்தைத் திருப்பிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"யூதெல்கிஸ், நான் சண்டைக்கு வரல. என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசா, அம்பது வயசா? மூஞ்சியைப் பாரு, தேங்காய் நார் மாதிரி இருக்கு."

"லென்ஸ் சரியில்லம்மா. திரும்பப் போட்டுத் தரேன்" என்றாள் யூதெல்கிஸ். வெட்கத்தில் காது சூடானது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு புகார்கள் வந்து, பிறகு நின்றுவிட்டன. பழக்கப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மற்றபடி அந்தக் குளிர்காலம் அவளுக்குப் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். யூமுரிப் பள்ளத்தாக்கில் காலையில் இறங்கும் பனி அந்த வருடம் ஏறிப்போகவே இல்லை போலிருந்தது. பாலத்து விளக்கு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு பூவை விரித்துக்கொண்டது. விரிகுடாவில் நின்ற கப்பல்கள் தண்ணீரில் நிற்கிறதா வானத்தில் நிற்கிறதா என்று தெரியாமல் மிதந்தன. எதிரே வருகிறவர்கள் முகம் வெளுத்து, வயது கழன்று, கனவில் வருகிறவர்களைப் போல வந்து கிட்டே வந்த பிறகுதான் பெயர் பெற்றார்கள். நடந்துபோகையில் சில சமயம் அவளுக்கு அழுகை வருமளவுக்கு அழகாக இருந்தது. "இந்த வருஷம் என்ன பனி" என்று மகளிடம் சொல்வாள். நய்லீன் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். பெண் வளர்ந்த பிறகும் ஒட்டிக்கொள்கிறாளே என்று தாய்க்குப் பெருமையாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஓஸ்மானிக்கு பிரைம் லென்ஸ் வந்து சேர்ந்தது. ஓஸ்மானியும் படக்காரன்தான். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே வாடிக்கையாளருக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஒரே பானையில் காப்பி குடிக்கிறவர்கள். மயாமிப் பக்கம் இருக்கும் அவன் மாமன் ஒரு காலுறைக்குள் சுருட்டி அனுப்பியிருந்தார். கிட்டே இழுக்க முடியாது, தூரத்துக்குத் தள்ள முடியாது, ஒரே பார்வைதான். ஆனால் அந்த ஒரே பார்வை கத்தி என்று ஓஸ்மானி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். புது மாப்பிள்ளை தோற்றான்.

"கொசு மேல எத்தனை கோடு இருக்குன்னு எண்ணலாம், யூதி."

"கொசுவுக்குப் பதினஞ்சு வயசு ஆகும்போது சொல்லு, எடுக்கலாம்" என்றாள் அவள். ஆனால் உள்ளுக்குள் ஆசை பிடித்து ஆட்டியது. மகளின் படத்தை அந்த லென்ஸில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டாள். கேட்டால் கொடுப்பான். அதற்கு முன், தன் கிட் லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று அவன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். தொழில்காரிக்கு அதுவும் ஒரு மரியாதைதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டு மொட்டைமாடியில் பரீட்சை நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து நான்கு மூலையிலும் ஒட்டினார்கள். காமிராவை முக்காலியில் நிறுத்தி, கை ஆட்டம் கூடாதென்று தானாகவே சொடுக்க விட்டார்கள். கிட் லென்ஸை பிரைமின் அளவுக்கே இழுத்துவைத்து ஒரு வரிசை, பிரைமைப் போட்டு ஒரு வரிசை. முதலில் வெளிச்சம் நுழைகிற துளையை அகலமாக வைத்து, பிறகு சிறிதாக வைத்து. நய்லீன் துணி காயப்போடுகிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

கீழே வந்து கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான் ஓஸ்மானி. நேரம் போகப் போக அவன் முகத்திலிருந்த மாப்பிள்ளைக் களை இறங்கியது.

"சே. நடுவுல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. ஓரத்துலதான் உன்னுது கொஞ்சம் மங்குது. துளையைச் சின்னதாக்கினா அதுவும் சரியாப்போயிடுது. இருட்டுல எடுத்தாத்தான் என்னுது ஜெயிக்கும். வெயில்ல உன் ஓசி லென்ஸே போதும், யூதி. என் மாமனுக்கு என்ன பதில் சொல்வேன்?"

யூதெல்கிஸ் திரையருகே குனிந்தாள். இன்னும் குனிந்தாள். இரண்டும் மழையில் நனைந்த காகிதமாகத்தான் தெரிந்தன.

"விளையாடாதே. ரெண்டுலயும் பூஞ்சை. உன்னுது இன்னும் மோசம்."

"என்னுதா? போன வாரம்தான் காலுறையிலேர்ந்து எடுத்தேன்."

"ஒரு எழுத்தாவது தெரியுதா இதுல?"

ஓஸ்மானி சிரித்தான். கேலி செய்கிறாள் என்று நினைத்து, படத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். பேஸ்பால் செய்தியைப் படித்தான். அதற்குக் கீழே இருந்த வானிலையைப் படித்தான். பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த அச்சகத்தின் விலாசத்தைப் படித்தான். படித்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தவன் பாதி விலாசத்தில் நிறுத்திவிட்டான். அவள் கேலி செய்கிற முகத்தோடு இல்லை.

"அம்மாவுக்குத் தெரியாது" என்றாள் நய்லீன், கதவருகே நின்றபடி. "ரொம்ப நாளாவே தெரியல."

"எது தெரியல?"

"எதுவுமே சரியாத் தெரியலம்மா உனக்கு. படமெல்லாம் நல்லாத்தான் வருது. காமிரா தானா பார்த்து எடுத்துடுது. நீதான் அதைக் கெடுக்கற. நீ கடைக்குப் போற நேரம் பார்த்து நான்தான் அந்தப் பட்டையை இறக்கிவச்சு அச்சுக்கு அனுப்பிக்கிட்டிருக்கேன். இல்லன்னா ஊரே ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கும்."

புகார்கள் ஏன் நின்றன என்பது யூதெல்கிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மகளை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஓஸ்மானி நல்லெண்ணத்தோடு ஒன்று சொன்னான். சில நல்லெண்ணங்களை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.

"நய்லீன் பதினஞ்சுக்கு நான் எடுத்துத் தரேன், யூதி. கவலைப்படாதே. இந்த லென்ஸ்லயே எடுக்கறேன்."

"என் பிள்ளையை நீ எடுப்பியா? எழுந்திரு. உன் காலுறையையும் எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். அவன் போனான். லென்ஸை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் விடியலில் மகளை எழுப்பி, பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய வெள்ளைக் கவுனைப் போட்டுவிட்டு, மொன்செராத் கோயில் மேட்டுக்கு அழைத்துப்போனாள் யூதெல்கிஸ். பிறந்தநாளுக்கு இன்னும் நாளிருந்தது. அதனால் என்ன, இங்கே கவுன் கிடைக்கிற நாளில் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். உண்மையில் அவளுக்குப் பயம். இன்றைக்குத் தெரிகிற அளவு நாளைக்குத் தெரியாமல் போனால்?

மேட்டுக்குக் கீழே யூமுரிப் பள்ளத்தாக்கு பனியால் நிரம்பி விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. அரச பனைகளின் தலைகள் மட்டும் வெளியே நீந்தின. நய்லீன் கைப்பிடிச் சுவரருகே நின்றாள். கவுன் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. வெண்மைக்குள் ஒரு வெண்மை, அதன் உச்சியில் ஒரு கறுப்புத் தலைமுடி, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம். காமிரா கீச்சென்று சொல்லி முகத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. அவள் எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். வாழ்நாளில் இத்தனை அழகாக எதையும் பார்த்ததில்லை என்று தோன்றியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அப்படியே இரு, தங்கம். அப்படியே சிரிச்சுக்கிட்டே இரு."

இன்னும் ஒன்று எடுத்தாள்.

"நான் சிரிக்கலம்மா" என்றது குரல். "அழுதுக்கிட்டிருக்கேன்."

யூதெல்கிஸ் காமிராவை இறக்கினாள். நடந்து போய், கையால் தடவி, கன்னத்தின் ஈரத்தைத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"நீ என்னைப் பாக்கலம்மா. காமிராதான் பாக்குது. காமிராவே பாக்கறதுன்னா ஓஸ்மானி எடுத்தாப் போதாதா? எனக்கு வேண்டாம். நீ பாக்கற வரைக்கும் எனக்குப் படமே வேண்டாம்."

"பதினஞ்சு போயிடும்டி."

"பதினாறு வர்ற வரைக்கும் பதினஞ்சுதான்."

இருவரும் பனிக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். தாய்க்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. திரும்பி வரும் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், கவுனைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு.

கண் டாக்டர் மிக்தாலியா பார்த்தவுடனே சொல்லிவிட்டார். ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் யூதெல்கிஸ் விழுங்கிய மாத்திரைகள் இரண்டு மூன்று வருடமாகவே கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரை வளர்த்துவிட்டன. அதிலும் வெளிச்சம் கூடக்கூட மறைக்கிற ரகம். இருட்டில் ஓரளவு சமாளிக்கிறவள் வெயிலில் தடுமாறியது அதனால்தான். விளக்குகளைச் சுற்றி விரிந்த பூவெல்லாம் அந்தப் புரையின் கைங்கரியம்தான் என்றார். யூதெல்கிஸுக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அவ்வளவு அழகும் வியாதியா?

"உள்ள இருக்கிற லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கணும்" என்றார் டாக்டர். "மொதல்ல வலது கண்ணு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. பிறக்கும்போது வந்த லென்ஸ் கிட்டத்துக்கும் வளையும், தூரத்துக்கும் வளையும். நாங்க வைக்கறது வளையாது. ஒரே தூரம்தான்."

"கூடவே வந்ததைக் கழட்டிட்டு பிரைம் போடறீங்க" என்றாள் யூதெல்கிஸ். பயந்தால் வேடிக்கை பேசுவது அவள் வழக்கம்.

டாக்டருக்கு அது புரியவில்லை. "கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா, யோசிச்சுச் சொல்லு. ரெண்டும் கிடைக்காது. எதை விட்டியோ அதுக்குக் கண்ணாடி போட்டுக்கணும்."

அந்த லென்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ச் வந்தது, நய்லீனுக்குப் பதினைந்து நிறைந்தது, கேக்கு வெட்டினார்கள், காமிராவை யாரும் தொடவில்லை. தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். ஓஸ்மானி கோபத்தையெல்லாம் ஒரு வாரத்திலேயே மறந்து, மறுபடியும் காப்பி குடிக்க வந்து உட்கார்ந்தான்.

"கிட்டத்துக்கே கேளு, யூதி. திரையைப் பாக்கணும், பட்டனைப் பாக்கணும். தொழில் கிட்டத்துலதான் இருக்கு."

"பிள்ளைங்க நிக்கறது தூரத்துலடா."

"வீட்டுல இவ முகம் மங்கலாவே இருக்கும், யோசிச்சுக்கோ."

அவள் பல நாள் யோசித்தாள். துணி மடிக்கும்போது யோசித்தாள், கறுப்பு பீன்ஸ் பொறுக்கும்போது யோசித்தாள். கடைசியில் டாக்டரிடம் சொன்னாள். "தூரத்துக்கே வைங்க. கிட்ட இருக்கறவங்களைத் தொட்டுப் பாத்துக்கலாம்."

மே மாதத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரிக்கிற காலையில் நய்லீன் பள்ளிக்குப் போகிற மஞ்சள் பாவாடையிலேயே வந்திருந்தாள். புத்தகப் பையில் காமிரா இருந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம். ஒவ்வொரு இலையாக இருந்தது. இலைக்கு நரம்பு இருந்தது. யூதெல்கிஸ் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொறுமையில்லாத மகள் முகத்துக்கு நேரே வந்து குனிந்தாள்.

"தெரியுதாம்மா?"

தெரியவில்லை. அதே பனி, அதே பால். அதே முகம் கரைந்துபோய் நின்றது. அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், இவளை மட்டும் தெரியல."

"தூரத்துக்குத்தானே கேட்ட? மூக்குல வந்து முட்டினா எப்படித் தெரியும்? தள்ளி நில்லும்மா நீ."

நய்லீன் பின்னால் நடந்தாள். தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவுக்குப் போய், நடைபாதைக்கு இறங்கி, காத்திருப்போர் பெஞ்சுகளைக் கடந்து அவள் போகப் போக, பனி ஒவ்வொரு அடியாகக் கழன்றது. முதலில் கண்கள் வந்தன. பிறகு புருவம். அதைப் பிடுங்கி வில்லாக்கியிருந்தாள், எப்போது செய்தாளோ. நெற்றியில் பருக்கள். முகவாயில் ஒரு வெள்ளைத் தழும்பு. தோள் அகன்று, கழுத்து நீண்டு, ஒரு முழுப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். யூதெல்கிஸ் மனதில் வைத்துக்கொண்டிருந்த முகம் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் முகம். பனிக்குள் அந்தக் குழந்தையைத்தான் இத்தனை நாளும் அவள் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முகவாயில என்ன அது?"

"சைக்கிள்ல விழுந்தது. போன வருஷம்."

"சொல்லவே இல்ல?"

"தெரியும்னு நினைச்சேன்" என்றாள் நய்லீன். "அப்புறம் தெரியலன்னு புரிஞ்சுது."

யூதெல்கிஸுக்கு அழுகை வந்தது. அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் அதட்டினார். அழுகை அதட்டினால் நிற்கிற ஜாதியில்லை. தாய் அழுவதைப் பார்த்து நய்லீன் ஓடிவர ஒரு அடி எடுத்துவைத்தாள், இன்னொரு அடி எடுத்துவைத்தாள். புருவம் கலைந்தது, தழும்பு மறைந்தது, அந்தப் பெண் மறுபடி கரையத் தொடங்கினாள்.

"வராதே" என்றாள் யூதெல்கிஸ். "அங்கேயே போய் நில்லு."

நய்லீன் புரிந்துகொண்டு, புத்தகப் பையிலிருந்து காமிராவை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். கிரீடம் இல்லை, கவுன் இல்லை, கழுவிக் கழுவி வெளுத்த மஞ்சள் பாவாடைதான். யூதெல்கிஸ் எழுந்து போய்க் காமிராவை எடுத்தாள், எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை. அதைக் கண்ணில் வைத்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தாள்.

நடைபாதையின் அந்தக் கோடியில் மகள் நின்றாள், தெளிவாக, ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியாக.

"இன்னும் கொஞ்சம் பின்னால போகட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் யூதெல்கிஸ். "இப்போதைக்கு இவ்வளவு தூரம் போதும்."